கை அசைப்பவருக்கு என்ன வேலை? பாடகர் குழு நடத்துநரும் மாறிவரும் இசையுலகமும்

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது இசைக்குழுவை நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். இசையை எழுதியவர் அதே அரங்கில் இருக்க, வேறொருவர் எதற்காக முன்னால் நின்று கை அசைக்கிறார் என்ற கேள்வி தமிழ் வாசகர்கள் பலருக்கும் எழுந்தது. கலைஞர்கள் தாளைப் பார்த்துத்தானே வாசிக்கிறார்கள், அவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதாகத் தெரியவில்லையே என்பது அதற்கு அடுத்த கேள்வி. ரோபோ ஒன்று இசைக்குழுவை நடத்தியது, செயற்கை நுண்ணறிவு கூட்டுப்பாடல் பாடியது என்று அவ்வப்போது வரும் செய்திகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டியிருக்கின்றன.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும், களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களிலும் வாழும் தமிழர்களுக்கு இது நடைமுறைக் கேள்வியும்கூட. இங்கே தேவாலயம்தோறும் பாடகர் குழு உண்டு. டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் பாட்டு வழிபாடான கேரல் ஆராதனைக்கான ஒத்திகை இரவு நெடுநேரம் நடக்கும். பதிவு செய்த பின்னணி இசையான மைனஸ் ட்ராக் பரவிய பிறகு, “ட்ராக்கைப் போட்டுப் பாடிவிடலாமே, கொயர் மாஸ்டர் எதற்கு?” என்று, குழுவைப் பழக்கி நடத்துபவரைப் பற்றிய பேச்சும் எழத் தொடங்கியிருக்கிறது. இதற்கு விடை காண வேண்டுமானால், நடத்துநரின் கை என்ன செய்கிறது, அவருடைய காது என்ன செய்கிறது என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கையை இயந்திரம் ஓரளவு போலச் செய்துவிடும். காதின் கதை வேறு.

நான்கு குரல்கள் சேரும்போது

நம் கச்சேரி மரபில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் பாடப்படுவது ஒரே இசைவரிதான். தம்புரா ஸட்ஜத்தையும் (ச) பஞ்சமத்தையும் (ப) இடைவிடாமல் ஒலிக்க, அதன் மேல் அந்த ஒற்றை வரி கமகங்களோடு நகர்கிறது. தேவாலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகள் இந்த மரபைச் சேர்ந்தவை. மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டுகளின் அமைப்பு வேறு. அவற்றில் ஒரே நேரத்தில் நான்கு வரிகள் நகர்கின்றன: பெண்களில் உயர்ந்த குரலுக்குரியது சொப்ரானோ அல்லது டிரெபிள், தாழ்ந்த குரலுக்குரியது ஆல்ட்டோ; ஆண்களில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பாஸ். மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவில் இருக்கும். மற்ற மூன்று வரிகளைத் தனியே பாடிக் கேட்டால், என்ன பாட்டு என்றே சில சமயம் பிடிபடாது. நான்கும் சேர்ந்து ஒலிக்கும்போது கிடைக்கும் ஸ்வரக்கூட்டுதான் ஹார்மனி.

இந்த அமைப்பில் ஒருவர் சரியாகப் பாடுவது மட்டும் போதாது என்பதை ஒரு கணக்கு காட்டும். ஒரு ‘ச’ முதல் அடுத்த ‘ச’ வரையுள்ள ஸ்தாயியைக் கீபோர்டு பன்னிரண்டு சமபங்குகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பங்கையும் 100 சென்ட் என்று அளப்பது வழக்கம். அந்தக் கணக்கின்படி கீபோர்டில் ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின் ‘க’) 400 சென்ட் தொலைவில் இருக்கிறது. ஆனால் அதிர்வெண்கள் 5:4 என்ற விகிதத்தில் அமையும்போது கிடைக்கும், காதுக்கு முற்றிலும் ஒத்துப்போகும் காந்தாரம் ஏறத்தாழ 386 சென்டில் நிற்கிறது. தம்புராவோடு பாடிப் பழகியவரின் குரல் அந்த 386-ஐத் தானாகத் தேடிப் போகும்; கீபோர்டோடு பாடிப் பழகியவரின் குரல் 400-இல் நிற்கும். இருவரும் ஒரே ஆல்ட்டோ வரிசையில் அருகருகே நின்று நீண்ட ஸ்வரம் ஒன்றைப் பிடித்தால், தனித்தனியே இருவரும் சுருதியில் இருந்தாலும் கூட்டொலியில் ஒரு சிறு நடுக்கம் கேட்கும். குற்றம் யாருடையது என்று கேட்டால் யாருடையதும் இல்லை. கீபோர்டு துணை இருக்கும் பாட்டில் ஒருவகையாகவும், துணையில்லாமல் பாடும்போது வேறுவகையாகவும் அந்தக் காந்தாரத்தை எங்கே நிறுத்துவது என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். வரிசைக்குள் நிற்பவருக்குத் தன் குரலும் பக்கத்துக் குரலுமே கேட்கும் என்பதால், அந்த முடிவை எடுப்பவர் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.

தாளம் போடும் கையும் நடத்தும் கையும்

ஆதி தாளத்தில் எட்டு அட்சரங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும். பாடகர் தம் தொடையில் தாமே போடுகிறார். சபையில் அமர்ந்திருப்பவரும் போடுகிறார். தட்டு விழும் கணமும் அட்சரம் விழும் கணமும் ஒன்றே. நடந்துகொண்டிருப்பதை அந்தக் கை அறிவிக்கிறது.

மேற்கத்திய நடத்துநரின் கையும் பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். நான்கு தட்டுள்ள பாட்டில் கை முதலில் கீழே இறங்கி, பிறகு இடப்புறம், வலப்புறம் என்று சென்று, மேலே எழுகிறது. மூன்று தட்டுள்ள பாட்டில் கீழே, வலப்புறம், மேலே. ஆனால் இந்தக் கையின் வேலை நடப்பதை அறிவிப்பதோடு நிற்பதில்லை. அடுத்து நடக்கப்போவதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பார்வையாளருக்கு எளிதில் தென்படாத இடமும் இதுவே. பாட்டு தொடங்குவதற்கு ஒரு தட்டு முன்னதாக நடத்துநர் கையை உயர்த்தும் அந்த ஆயத்த அசைவில் குறைந்தது நான்கு செய்திகள் அடங்கியிருக்கின்றன.

1. வேகம். கை மேலே சென்று திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரமே ஒரு தட்டின் நீளம். பாடகர்கள் முதல் ஸ்வரத்தைத் தொடுமுன்பே பாட்டின் வேகம் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

2. மூச்சு. நடத்துநரும் அந்தக் கணத்தில் வாயைத் திறந்து மூச்சு இழுக்கிறார். நாற்பது பேர் ஒரே கணத்தில் மூச்சு எடுத்தால்தான் ஒரே கணத்தில் ஒலி எழும். தொடக்கம் கலைந்துபோகும் குழுக்களில் பெரும்பாலும் கோளாறு எண்ணிக்கையில் இருப்பதில்லை. மூச்சு வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்படுவதில்தான் இருக்கிறது.

3. அளவு. அசைவு சிறிதானால் மெல்லிய ஒலி, பெரிதானால் வலுத்த ஒலி.

4. தன்மை. மணிக்கட்டு இளகி வளைந்து வந்தால் இழைந்த தொடக்கம். வெட்டி நின்றால் அழுத்தமான தொடக்கம்.

பாட்டு ஓடத் தொடங்கியபின் வலது கை தட்டைக் கவனித்துக்கொள்ள, இடது கை வரிசைகளை உள்ளே அழைப்பதற்கும் ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்கும் முடிவை வெட்டுவதற்கும் பயன்படுகிறது. இசைக்குழு நடத்துநர் பெரும்பாலும் பேட்டன் எனப்படும் சிறு கோலை வைத்திருப்பார்; பாடகர் குழு நடத்துநர்களில் பலர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். மெய்யெழுத்தை எங்கே மூட வேண்டும் என்பதை விரல் நுனி காட்டுமளவுக்குக் கோல் காட்டாது. கலைஞர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்ற ஐயத்துக்கும் இங்கேயே விடை உண்டு. தாளின் மேல் விளிம்பைத் தாண்டி ஓரப்பார்வையில் அந்தக் கை எப்போதும் தெரியும்படிதான் அவர்களுடைய இருக்கைகள் போடப்பட்டிருக்கின்றன.

தனிப் பணியாக ஆனது எப்போது

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் 1723 முதல் 1750 வரை லைப்சிக் தாமஸ் தேவாலயத்தின் இசைப் பொறுப்பில் இருந்தபோது, இசையை எழுதுவதும் சிறுவர்களைப் பழக்குவதும் நிகழ்ச்சியை வழிநடத்துவதும் ஒருவருடைய வேலையாகவே இருந்தன. பிரான்ஸில் இசையமைப்பாளர் லுல்லி நீண்ட தடியைத் தரையில் தட்டித் தாளம் காட்டினார். 1687 ஜனவரியில் அந்தத் தடி தம் பாதத்திலேயே பட்டுப் புண் புரையோடி, அதே ஆண்டு மார்ச்சில் இறந்தார். தொழில் வழி வந்த ஆபத்து என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பெர்லினில் 1791-இல் தொடங்கப்பட்ட பாடகர் சங்கமான ஸிங்-அகடெமி, 1829 மார்ச் 11 அன்று இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்சன் நடத்த, ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த பாஹின் பெரும்படைப்பு ஒன்றை மீண்டும் மேடையேற்றியது. எழுதியவர் காலமாகிப் பல பத்தாண்டுகள் கழிந்தபின் அவர் எழுத்தைப் படித்து, பொருள் கண்டு, குழுவுக்குப் பயிற்றுவித்து ஒலிக்கச் செய்ய ஒரு தனி ஆள் வேண்டும் என்ற நிலை அந்த நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. லண்டனில் இளையராஜாவின் இசையை மிக்கேல் டாம்ஸ் நடத்தியதில் வியப்புக்கு இடமில்லை என்பதற்கு இதுவே காரணம். எழுதுவது ஒரு பயிற்சி, நடத்துவது இன்னொரு பயிற்சி. இரண்டும் ஒருவரிடமே அமைவதும் உண்டு. அமையாவிட்டால் அது குறையன்று.

தென் திருவிதாங்கூருக்கு வந்த வழி

லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். சார்ல்ஸ் மீட் 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்தார். நெய்யூர், பாறசாலை, திருவனந்தபுரம், கொல்லம் என்று மிஷன் நிலையங்கள் பிற்பாடு விரிந்தன. 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிக்கப்பட்டபோது பாறசாலை கேரளத்திலும் களியக்காவிளை தமிழ்நாட்டிலுமாக நின்றன. பாட்டுப் பழக்கம் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. இருபுறத்துக் குழுக்களிலும் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் ஒரே நிகழ்ச்சியில் இடம்பெறுவது இன்றும் இயல்பு. கத்தோலிக்கத் தேவாலயங்களில் 1963-க்குப் பிறகு வட்டார மொழி வழிபாட்டுக்கு இடம் கிடைக்க, லத்தீன் பாட்டின் இடத்தைத் தமிழும் மலையாளமும் பிடித்தன.

மிஷன்கள் கொண்டுவந்த இசைப் பயிற்சி முறைகளில் தனித்துச் சொல்ல வேண்டியது டானிக் சோல்ஃபா. நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் வகுத்த முறையை ஜான் கர்வன் செப்பனிட்டுப் பரப்ப, அது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளுக்குச் சென்றது. ஐந்து கோடுகள் வரையும் ஸ்டாஃப் நொட்டேஷன் இல்லாமல், டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்துகளை வைத்தே நான்கு வரிசைகளையும் எழுதிவிடும் முறை இது. ‘டோ’ எந்தச் சுருதியிலும் அமையலாம் என்பது இதன் அடிப்படை. நம் ஸட்ஜமும் அப்படிப்பட்டதே என்பதால், சரிகம படித்த பிள்ளை இதை ஒரே அமர்வில் பிடித்துக்கொள்ளும். ஓரிடத்தில் மட்டும் தடுமாற்றம் வரும். மைனர் ஸ்கேலை டானிக் சோல்ஃபா ‘லா’விலிருந்து தொடங்கும், நாமோ அதற்கு ஒத்த நடபைரவி ராகத்தைப் பாடும்போது இருக்குமிடத்தையே ஸட்ஜமாக்கிக்கொள்வோம். மேஜர் ஸ்கேல் சங்கராபரணத்தோடு ஒத்துப்போவதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது.

தேவாலயத்துக்கு வெளியே இந்தக் கலையைக் கொண்டுசென்றவர்களில் எம். பி. சீனிவாசனைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஆந்திர எல்லைச் சித்தூரில் 1925-இல் பிறந்து, மலையாளத் திரையிசையில் பெயர் பெற்று, சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை உருவாக்கியவர் அவர். பல இந்திய மொழிப் பாடல்களைப் பல குரல் அமைப்பில் பாட வைத்தார். இந்திய மெட்டில் ஹார்மனி ஒட்டாது என்ற வாதத்துக்கு அவருடைய குழுவின் பாடல்கள் நல்ல மறுமொழி.

ஒத்திகையில் நடப்பது

நிகழ்ச்சியில் நாம் காண்பது கை. அதற்கு முந்தைய வாரங்களில் வேலை செய்வது காது. இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

முதலாவது, மெய்யில் முடியும் சொற்கள். ‘கர்த்தர்’ என்ற சொல்லில் கடைசி உயிரை நான்கு தட்டுகள் நீட்டிப் பிடித்துவிட்டு ‘ர்’ என்று முடிக்க வேண்டும். முப்பது பேர் முப்பது விதமாக நினைத்தால், மூன்றாம் தட்டில் ஒருவர், நான்காம் தட்டில் மூவர், அதன்பிறகு மற்றவர் என்று அந்த ‘ர்’ ஒரு கரகரப்பாகச் சிதறும். மைக் முன்னால் நின்றால் அது இரட்டிப்பாகக் கேட்கும். எனவே நடத்துநர் தாளில் குறித்துக்கொடுப்பார்: நாவு நான்காம் தட்டு முடியும்வரை அசையக் கூடாது, அடுத்த தட்டின் தொடக்கத்தில் எல்லோரும் ஒன்றாக ‘ர்’. சிலர் ‘ர்’ சொல்லும் பொறுப்பை வரிசைக்கு இரண்டு பேரிடம் மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை உயிரோடு நிறுத்திவிடுவார்கள். கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. ‘ஸ்தோத்திரம்’ என்பதில் நிலைமை நேர்மாறானது. ‘ம்’ சுருதி தாங்கும் மெய் என்பதால் உதட்டைச் சற்று முன்னதாகவே மூடி அந்த மூக்கொலியை நீட்டலாம். எதை நீட்டுவது, எதை வெட்டுவது என்பது மொழியறிவும் இசையறிவும் சந்திக்கும் இடம். ஆங்கிலப் பாட்டுக்கு எழுதப்பட்ட கையேடுகள் இதற்கு உதவா.

இரண்டாவது, குற்றியலுகரம். எல்லைப் பகுதிக் குழுக்களில் இது தனிக் கவனம் கோரும். ‘எனக்கு’, ‘உமக்கு’ என்று பேசும்போது இறுதி உகரத்தில் உதடு குவிவதில்லை, மாத்திரையும் குறைவு. மலையாளத்தில் சந்திரக்கலை இட்டு எழுதும் ஒலி ஏறத்தாழ இதுவே. மெட்டு அந்த எழுத்தின் மேல் மூன்று தட்டு நின்றுவிட்டால் என்ன செய்வது? உதட்டைக் குவித்து முழு உகரமாகப் பாடினால் ஒலி நன்கு நிற்கும், ஆனால் சொல் செயற்கையாகக் கேட்கும். குவிக்காமல் நீட்டினால் சொல் இயல்பாக இருக்கும், ஒலி மங்கும். பாதிப் பேர் ஒன்று, பாதிப் பேர் மற்றொன்று என்றால் சுருதியே பிசகியதுபோல் தோன்றும். உயிரொலியின் நிறம் மாறும்போது அதே ஸ்வரம் ஏறியோ இறங்கியோ கேட்பது இயல்பு. அனுபவமுள்ள கொயர் மாஸ்டர்கள் பெரும்பாலும் தொடக்கத்தில் லேசாகக் குவித்து, முடிவில் தளர்த்தும்படி சொல்வார்கள். இதுவே சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. குழு முழுவதும் ஒரே வழியைப் பின்பற்றுகிறதா என்பதே கேள்வி.

நீண்ட தொடரை மூச்சு விடாமல் பாடியதுபோல் காட்ட ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் மூச்சு எடுக்கும்படி பங்கிடுவதும், துணையில்லாமல் பாடும்போது சுருதி மெல்ல இறங்கிவிடாமல் காப்பதும் இதே வகை வேலைகள். இவற்றில் எதுவும் மேடையில் கண்ணுக்குத் தெரியாது.

புதிய மாற்றங்கள்: எதை மாற்றுகின்றன, எதை மாற்றவில்லை

தொலைவும் தாமதமும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று நடந்த ஒரு பாடகர் குழு ஒத்திகையில் 61 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் 53 பேர் கொரோனா தொற்றுக்கு உள்ளாகினர், இருவர் இறந்தனர். கூட்டாகப் பாடுவது காற்றுவழித் தொற்றுக்கு எவ்வளவு வாய்ப்பளிக்கிறது என்பதை உலகம் அறிந்துகொண்டது அப்போதுதான். குழுக்கள் இணையத்துக்கு நகர்ந்தன. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 குரல்களைக் கொண்டு தொடங்கிய மெய்நிகர் பாடகர் குழு, 2020-இல் 129 நாடுகளின் 17,572 பாடகர்களாக வளர்ந்தது.

ஆனால் அவர்கள் ஒரே நேரத்தில் பாடவில்லை. நடத்துநரின் பதிவைப் பார்த்துத் தனித்தனியே பாடி அனுப்பினார்கள். பிறகு அவை கோக்கப்பட்டன. காரணம் தாமதம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நமக்கு ஏறக்குறைய 30 மில்லிநொடி கழித்தே வருகிறது. அந்த அளவைத் தாண்டினாலே கூட்டாக இசைப்பவர்கள் தடுமாறத் தொடங்குகிறார்கள். வழக்கமான வீடியோ அழைப்பில் தாமதம் இதைப்போல் பல மடங்கு. ஜாக்ட்ரிப், ஜமுலஸ் போன்ற மென்பொருள்கள் இதைக் கணிசமாகக் குறைத்தாலும், கம்பிவழி இணைப்பும் இடைப்பட்ட தொலைவு குறைவாக இருப்பதும் அவற்றுக்குத் தேவை.

நடத்துநரின் கை எதற்கு என்பதற்கு இதே கணக்கு வலுவான விடை தருகிறது. எஸ்தோனியாவில் 1869 முதல் நடந்துவரும் பாடல் விழாவில், தலைநகர் தாலினின் திறந்தவெளி மேடையில் ஏறத்தாழ 30,000 பேர் ஒன்றாகப் பாடுகிறார்கள். இருவர் 50 மீட்டர் இடைவெளியில் நிற்பதாக வைத்துக்கொண்டால், ஒருவர் குரல் மற்றவரை அடைய 147 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் இது ஒரு தட்டின் கால் பங்கைவிட அதிகம். காதை நம்பினால் கூட்டம் சிதறிவிடும். உயரக் கோபுரத்தில் நிற்கும் நடத்துநரின் கையோ எல்லோருக்கும் அதே கணத்தில் தெரிகிறது. நம் தேவாலயங்களில் கீபோர்டு ஒருபுறமும் ஒலிபெருக்கி எதிர்ப்புறமும் இருக்க, பின்வரிசைச் சபையார் எப்போதும் ஒரு மயிரிழை பிந்திப் பாடுவதற்கும் இதுவே காரணம். அவர்களுடைய தாள அறிவைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரோபோ நடத்துநர். ஹோண்டா நிறுவனத்தின் அசிமோ என்ற ரோபோ 2008 மே மாதம் டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவை ஒரு பாட்டுக்கு நடத்தியது. 2017 செப்டம்பரில் பீசா நகரில் யூமி என்ற இரு கை ரோபோ நடத்த, இத்தாலியப் பாடகர் ஆண்ட்ரியா பொச்செல்லி பாடினார். இவை இரண்டும் மனிதர் செய்துகாட்டிய அசைவுகளை அப்படியே திருப்பிச் செய்தன. 2024 அக்டோபரில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மூன்று கைகள் கொண்ட ரோபோ வந்தது. மனிதருக்கு இருப்பது இரண்டே கைகள் என்பதால், ஒரே சமயத்தில் மூன்று வெவ்வேறு வேகங்களைக் காட்டும் இசையை அதற்கென்றே எழுதினார்கள். மனிதரால் இயலாத ஒன்றை அது செய்தது என்ற வகையில் முந்தைய இரண்டையும்விட இது பொருளுள்ள சோதனை. ஆயினும் பாடகி ஒருத்தி மூச்சுக்காக அரை நொடி தயங்கினால் அதைக் கேட்டுக் கையை நிறுத்தும் திறன் இவற்றில் காட்டப்படவில்லை. முன் பகுதியில் சொன்ன ‘ர்’ சிதறுவதை அவை கண்டுபிடிக்கவும் இல்லை.

செயற்கை நுண்ணறிவும் குரலின் உரிமையும். 2024-இல் லண்டன் செர்பன்டைன் கலைக்கூடத்தில் ஹாலி ஹெர்ண்டன், மாட் டிரைஹர்ஸ்ட் என்ற கலைஞர்கள் இருவரும் நடத்திய கண்காட்சிக்காகப் பிரிட்டன் முழுவதிலும் 15 பாடகர் குழுக்களின் குரல்கள் பதிவு செய்யப்பட்டு, அவற்றைக் கொண்டு இயந்திரம் பயிற்றுவிக்கப்பட்டது. தொழில்நுட்பத்தைக் காட்டிலும் முக்கியமானது அவர்கள் கையாண்ட முறை: அந்தப் பதிவுகளை யார், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதில் பாடிய குழுக்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். கேரல் ஆராதனை முழுவதையும் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவிடும் நம் குழுக்கள் இந்தக் கேள்வியை இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. சிறு பிள்ளைகளின் குரல் அடங்கிய பதிவுகளிலாவது பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குவது நல்லது.

பணம். 1924 முதல் இயங்கிவரும் பிபிசி சிங்கர்ஸ் என்ற முழுநேரத் தொழில்முறைக் குழுவை மூடப்போவதாக 2023 மார்ச் 7 அன்று பிபிசி அறிவித்தது. குழுவில் இருந்தது இருபது பாடகர்களே. எதிர்ப்பு வலுக்க, அதே மாதம் 24-ஆம் தேதி முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. நூறாண்டு மரபுள்ள குழுவுக்கே இந்த நிலை.

யார் நிற்பது. இங்கிலாந்தின் கதீட்ரல் (பேராலய) குழுக்களில் உயர்குரல் நூற்றாண்டுகளாகச் சிறுவர்களுக்கே உரியதாக இருந்தது. சால்ஸ்பரி கதீட்ரல் 1991-இல் சிறுமியர் குழுவைத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக் குழு 2022-இலும், லண்டன் செயின்ட் பால் கதீட்ரல் 2024-இலும் சிறுமிகளைச் சேர்த்தன. பெண்கள் எப்போதும் டிரெபிள் பாடிவந்த நம் பகுதிக்கு இதில் செய்தி ஏதுமில்லை. ஆனால் முன்னால் நின்று நடத்துவது பெண்ணா என்று கேட்டால் நிலைமை வேறு. லண்டனில் பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் (Proms) இசைவிழாவின் இறுதி இரவை அமெரிக்க நடத்துநர் மரின் ஆல்சாப் 2013-இல் நடத்தியதே ஒரு பெண் அதை நடத்திய முதல் தடவை. நம் வட்டாரத்தில் டிரெபிள் வரிசையைப் பழக்குவது பல இடங்களில் பெண்களே. நிகழ்ச்சி அன்று முன்னால் வருவது பெரும்பாலும் ஆண்.

நடத்துநரின் அதிகாரத்துக்கும் எல்லை வகுக்கப்படுகிறது. 1964-இல் மான்டிவெர்டி பாடகர் குழுவைத் தொடங்கிய ஜான் எலியட் கார்டினர், 2023 ஆகஸ்டில் பிரான்ஸில் ஒரு நிகழ்ச்சிக்குப் பின் பாடகர் ஒருவரை அடித்தார். மன்னிப்பு கேட்டு மேடையிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஜூலையில், அவர் இனித் திரும்ப மாட்டார் என்று அந்த அமைப்பே அறிவித்தது. ஒத்திகையில் கத்துவதும் கடிந்துகொள்வதும் கண்டிப்பின் அடையாளமாகக் கருதப்பட்ட காலம் இருந்தது. அந்தச் சலுகை இப்போது பெரும் பெயர்களுக்கும் கிடைப்பதில்லை.

மைனஸ் ட்ராக்: விளைவுகள்

ட்ராக்கை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. நான்கு கருவிக் கலைஞர்களை அழைக்க வசதியில்லாத சிறு சபைக்கு அது பேருதவி. அது எதை எடுத்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

1. வேகம் கையைவிட்டுப் போகிறது. பாட்டின் இடையில் ஒரு சொல்லை நிறுத்திப் பிடிக்க முடியாது, ட்ராக் காத்திருக்காது. நடத்துநர் இருந்தாலும் அவர் கையும் ட்ராக்கைப் பின்தொடர்வதோடு நின்றுவிடுகிறது. மேலே சொன்ன முன்னறிவிப்பு என்ற பணி இங்கே இல்லாமல் போகிறது.

2. சுருதி வெளியிலிருந்து வருகிறது. அசல் பாடகரின் குரலுக்கு அமைந்த சுருதியில் டெனர் வரிசை திணறுவதை அடிக்கடிக் கேட்கலாம். செல்போன் செயலியிலேயே ட்ராக்கை ஒரு ஸ்வரம் இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது, பலர் செய்வதில்லை.

3. நடு வரிசைகள் மறைகின்றன. ட்ராக்கின் ஒலி பெரிதாக இருப்பதால் ஆல்ட்டோவும் டெனரும் பிசகினாலும் தெரிவதில்லை. தெரியாததால் திருத்தப்படுவதும் இல்லை. சில ஆண்டுகளில் குழு முழுவதும் மெட்டை மட்டும் பாடும் நிலைக்கு வந்துவிடும். முன் சொன்ன இரண்டையும்விட இதுவே பெரிய இழப்பு.

4. சபையார் சேர்ந்து பாடும் பாட்டுக்கு ட்ராக் பொருந்துவதில்லை. முந்நூறு பேர் சேர்ந்தால் வேகம் தானாகச் சற்றுக் குறையும். ஆர்கன் வாசிப்பவர் அதை உணர்ந்து சரணத்துக்குச் சரணம் இடம் கொடுப்பார். ட்ராக் கொடுக்காததால் மூன்றாம் சரணத்துக்குள் சபை ஒருபுறமும் இசை ஒருபுறமுமாகப் பிரிந்துவிடும்.

எனவே குழு மட்டும் பாடும், சீரான தாளமுள்ள கேரல் பாட்டுகளுக்கு ட்ராக்கை வைத்துக்கொண்டு, பாமாலைகளையும் நிதானமான பாட்டுகளையும் ஆளும் கையும் கொண்டு நடத்துவது நடைமுறைக்கு உகந்த பிரிவினை. பயிற்சி பெற்ற நடத்துநர் இல்லாத குழுக்கள்கூட ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு பாமாலையை எந்தத் துணையும் இல்லாமல் நான்கு வரிசையாகப் பாடிப் பார்க்கலாம். பாடி முடித்ததும் கடைசி ஸ்வரத்தைக் கீபோர்டில் தட்டினால், தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பது தெரியும். எந்தச் சரணத்தில், எந்த வரிசையில் இறங்கத் தொடங்கியது என்று கண்டுபிடிக்க ஒருவர் வரிசையை விட்டு வெளியே வந்து நின்று கேட்க வேண்டியிருக்கும்.